இடுப்புக் கயிறும் கைக்கயிறும்

நம் வயதுக்காரர்கள் ஐந்தாறு பேர் கூடினால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் முட்டிவலி, அடுத்து சர்க்கரை, அதற்கப்புறம் அவரவர் அப்பாவின் அருமை பெருமை. உங்கள் அப்பாக்கள் உங்களைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார்கள், திருவிழாவில் தோளில் தூக்கிக்கொண்டார்கள், எல்லாம் கேட்டாகிவிட்டது. என் முறை வந்தால், "எங்க அப்பா விழுப்புரம் மண்டியில் மூட்டை தூக்கினார்" என்று சொல்லிவிட்டு டீ ஆறிப்போகிறது என்பேன். சொன்னது பொய்யில்லை. மிச்சத்தைச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் உங்களில் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் மகன் ரிமாண்டில் இருக்கிறான். யார் என்று துருவாதீர்கள், சொல்லமாட்டேன். என்ன எடுத்துக்கொண்டு போவது, எங்கே நிற்பது, யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியவில்லை என்று அழுதாள். பேத்தி அப்பாவைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், அவளையும் கூட்டிப்போகப் போகிறேன் என்றாள். இவ்வளவு பேர் இருக்க, என்னை எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று எனக்குப் புரியவில்லை. என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போலிருக்கிறது. இப்போது போனிலேயே பதிவு செய்துவிட்டுப் போகலாம், சில நாள் வீடியோவிலேயே பேசலாம் என்றெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சோப்பு, துண்டு, உள்பனியன் எடுத்துக்கொள் என்றேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். வாய் வரவில்லை. கை வருகிறதா என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள். எங்கள் ஊர் மயிலத்துக்குப் பக்கம். அம்மா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போவாள். அப்பா காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போய்ப் பொழுது சாய வீடு திரும்புவார். அவர் மேல் எப்போதும் சாக்கு வாசனையும் மல்லாட்டைத் தூசியும் இருக்கும். நல்ல உயரம். எங்கள் வீட்டு வாசல்படியில் தலை இடிக்காமல் அவர் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மண்டியிலிருந்து அவரையும் இன்னும் இரண்டு பேரையும் மூட்டை ஏற்றக் கோலியனூருக்கு அனுப்பினார்கள். வேலை சீக்கிரம் முடிந்து, வழக்கத்தைவிட முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று என் காலில் கருவேல முள் ஏறியிருந்தது. அம்மா விளக்கு வைக்கிற நேரம். அப்பா வாசலில் உட்கார்ந்து என் காலைத் தன் தொடைமேல் இழுத்து வைத்துக்கொண்டு, ஊக்கை நெருப்பில் காட்டி முள்ளைத் தோண்டி எடுத்தார். நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அதே நேரத்தில் கோலியனூர் ரோட்டில் வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் கழுத்திலிருந்து தாலிச் செயினை எவனோ அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். உயரமான ஆள், மூட்டைக்காரன் மாதிரி தலையில் துண்டு கட்டியிருந்தான் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்துப் போலீஸ்காரர்கள் மண்டிக்கு வந்து, அன்றைக்குக் கோலியனூர் போன மூன்று பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்குப் பேச அவர்கள் ஊரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். எங்களுக்காகப் பேசக்கூடியவர்களுக்குப் பஸ் ஏறக்கூடக் காசில்லை. அதோடு அந்த இருவரும் குட்டை. அப்பாவை மட்டும் கோர்ட்டில் நிறுத்தி, விழுப்புரத்தில் இடமில்லை என்று திண்டிவனம் சப்-ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

ஜெயில் என்றதும் மலை மாதிரி மதில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பழைய ஆபீஸ் கட்டடத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கட்டடம், பெரிய கதவில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. அப்பா இதில் எத்தனை தடவை இடித்துக்கொண்டாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எதிரே புங்கமரம், மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டு மனு எழுதுகிறவர், அவருக்கு அடுத்து ஒரு டீக்கடை. செவ்வாயும் வெள்ளியும் பார்க்க விடுவார்கள். உள்ளே இருப்பவர் பெயர், அவருடைய அப்பா பெயர், வந்தவர் என்ன உறவு, எதற்காகப் பார்க்கவேண்டும், எல்லாம் மனுவில் இருக்கவேண்டும். எதற்காக என்ற இடத்தில் மனு எழுதுகிறவர் யாரையும் கேட்காமல் 'குடும்ப விஷயமாக' என்று எழுதிக்கொண்டே போவார். அம்மா பெருவிரலை மையில் ஒற்றி வைப்பாள். அந்தக் கறையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி முடிப்பதற்குள் அடுத்த மனு நாள் வந்துவிடும்.

முதல் நாள் வார்டர் அம்மாவின் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். வயதான வார்டர், குரல் மட்டும் கட்டை.

"உள்ள வர்றப்ப அவன்கிட்ட இருந்தது. ஊட்டுக்கு எடுத்துக்கினு போம்மா."

பிரித்தால் அப்பாவின் பச்சை பெல்ட்டு, பாதி பீடிக்கட்டு, கறுப்பு அரைஞாண் கயிறு. கயிறு அவிழ்த்ததாக இல்லை. கத்தியால் அறுத்தது, இரண்டு முனையும் பிசிர் பிசிராக இருந்தது. அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆண்பிள்ளை இடுப்பில் பிறந்து சில நாளில் ஏறுகிற கயிறு, பழசாகிப்போனால் புதுசைக் கட்டிக்கொண்டுதான் பழசை எடுப்பார்கள். வெறும் இடுப்பாக விடுவது ஒரே ஒரு நாள், பாடையில் வைப்பதற்கு முன்னால்.

"உசுரோட இருக்கிற ஆளுக்கு அறுத்துட்டீங்களே ஐயா."

"எல்லாருக்கும் அப்பிடித்தாம்மா. ஒருத்தன் அத்த வெச்சிக்கினு உத்தரத்துல தொங்கிட்டான்னா என் வேல போயிடும். இது ரூல்சு. அழாத, எந்திரி."

அவர் கெட்டவர் இல்லை. நான் எழுதப்போகிற இந்தக் கதையில் கெட்டவர் என்று கைகாட்ட ஒருத்தரும் கிடைக்கமாட்டார்கள். இத்தனை வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன்.

அப்பாவைப் பார்க்கிற இடத்தில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு கம்பி வலை. நடுவில் ஒரு கை நீளத்துக்கு இடைவெளி. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தவேண்டும். ஒருத்தி ஆடு குட்டி போட்டதைச் சொல்வாள், இன்னொருத்தி வக்கீல் வராததைச் சொல்வாள், அப்பா எங்கள் உதட்டைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டுவார். அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். விசில் அடித்தால் முடிந்தது. எனக்கு அந்த வலையின் துரு வாசனை இன்னும் விரலில் இருக்கிறது.

சோறு கொண்டுபோக விட்டார்கள். ஆனால் கொண்டுவந்தவர் வார்டர் முன்னால் ஒரு வாய் தின்று காட்டவேண்டும். விஷம் வைத்திருப்பார்கள் என்று சந்தேகம். அம்மா தின்னமாட்டாள், வெள்ளிக்கிழமை விரதம், செவ்வாய்க்கிழமையும் விரதம். அதனால் அப்பாவின் சோற்றில் முதல் வாய் எனக்கு. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். வார்டர் போதும் என்கிறவரைக்கும் தின்பேன். அப்பாவுக்குக் குறையுமே என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சோறு கொண்டுபோன தூக்குச்சட்டியின் மூடியில் அப்பாவின் நம்பரை ஆணியால் கீறிக் கொடுத்திருந்தார்கள், மாறிப்போகக் கூடாது என்று. பிற்பாடு அதே தூக்கில்தான் வருஷக்கணக்காகப் பால் வாங்கப் போனேன். இது என்ன நம்பர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்டால், கடையில் போட்டது என்பேன்.

இரண்டாவது தடவை போனபோது அம்மா புது அரைஞாண் கயிறு வாங்கிக்கொண்டு போனாள். வார்டர் தொடவே இல்லை.

"எத்தன வாட்டி சொல்றது? கவுறு உள்ள போவாது."

"வெறும் இடுப்போட இருக்காரு ஐயா. ஊட்டுல ஒரு நல்லது கெட்டது நடந்துடும். உங்க பொண்ணா நெனச்சிக்கங்க."

வார்டர் அக்கம்பக்கம் பார்த்தார். "இடுப்புக்கெல்லாம் ஆவாது. கோயில் கவுறு எதுனா சின்னதா, கையில ஒரு சுத்து வர்ற மாதிரி எடுத்துக்கினு வா. குடுத்துடறேன். பெரியவரு பாத்தா நான் பாக்கலன்னு சொல்லிடுவேன்."

அம்மாவுக்கு அது போதும். அடுத்த நாளே என்னையும் இழுத்துக்கொண்டு மயிலம் மலை ஏறினாள். உச்சி வெயில், படியில் கால் வைக்க முடியவில்லை, முள் எடுத்த இடம் வேறு பழுத்திருந்தது. குருக்களிடம் மஞ்சள் கயிறு வாங்கி, முருகன் பாதத்தில் வைத்து எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். "தானா அறுந்து வுழற வரைக்கும் கழட்டக் கூடாது" என்று குருக்கள் சொன்னதை வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை வார்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வலைக்கு அந்தப் பக்கம் அப்பா கையைத் தூக்கிக் காட்டினார். கறுத்த மணிக்கட்டில் பளிச்சென்று மஞ்சள். அம்மா அந்த மாதத்தில் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது கதவு சாத்தியிருந்தது. "உள்ள ஜட்ஜி ஐயா வர்றாரு, பேரேடு நடக்குது, மத்தியானத்துக்கு மேலதான் மனு" என்றார்கள். பேரேடு என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்துச் சுதந்திர தினம்தான் தெரியும். அப்பா லெஃப்ட் ரைட் போடுவார் என்று நினைத்துக்கொண்டேன். மனு எழுதுகிறவர் முன்னால் கூட்டம். அம்மா என்னைத் தூக்கோடு டீக்கடைப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"இங்கியே குந்திக்கினு இரு. யார்கிட்டயும் வாயக் குடுக்காத. எவனாவது எதுனா குடுத்தா வாங்கித் துன்ன, தோல உரிச்சிடுவேன்."

பெஞ்சின் மறுகோடியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எங்கள் அம்மாவைவிடக் கொஞ்சம் பெரியவர். நல்ல சேலை, காதில் கம்மல், கையில் வளையல். கழுத்தில் மட்டும் ஒன்றுமில்லை, ஒரு புது மஞ்சள் கயிறு, அதில் மஞ்சள் கிழங்கு கோத்திருந்தது. டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். நான் கடைக்குள் தொங்கிய பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேனோ, அவரே ஒரு பன் வாங்கி என் கையில் வைத்தார். எவனாவது கொடுத்தால் என்றுதானே அம்மா சொன்னாள், இவர் பொம்பளை என்று நான் ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

"யாரப் பாக்க வந்தீங்க பாப்பா?"

"எங்கப்பாவ."

"இன்னா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. கோலியனூர்ல செயின அறுத்துட்டாருன்னு சொல்றாங்க. அவுரு அறுக்கல."

அந்த அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். நான் பன்னைத் தின்றேன்.

"யாரையும் தப்பா சொல்லிடக் கூடாதும்மா" என்றார் பிறகு, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல். "அதான் மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. பாவம் வந்து சேரும்." அதற்கப்புறம் திரும்பி, "உங்கப்பா எப்பிடி இருப்பாரு?" என்று கேட்டார்.

அப்பாவைப் பற்றி என்னிடம் அக்கறையாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஊரில் எல்லாரும் கேலியாகக் கேட்டார்கள், இல்லை கேட்காமலே போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒசரமா இருப்பாரு" என்றேன். "மயிலம் கோயில்ல நானும் எங்கம்மாவும் ஏறிப் போயி கவுறு வாங்கியாந்து குடுத்தோம். உள்ள யாருக்கும் கவுறு கெடையாது, எல்லாருதும் அறுத்துடுவாங்க. எங்கப்பா ஒருத்தர்தான் கட்டிக்கினு இருக்காரு." எப்படிப்பட்ட கயிறு என்று புரியவேண்டுமே என்று, அவர் தலைப்புக்குள் மறைத்திருந்ததை விரலால் தொட்டே காட்டினேன். "இந்த மாதிரியே மஞ்சக் கவுறு. சோத்துக் கையில."

ஒரு போலீஸ்காரர் வந்து, "ஜட்ஜி வந்துட்டாரு, வாங்கம்மா" என்று கூப்பிட்டார். அந்த அம்மாள் என் தலையைத் தடவிவிட்டு, குனிந்து சின்னக் கதவுக்குள் போனார். அவருக்கும் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தேன். நாங்கள் மத்தியானம் வரை நிற்கவேண்டும், இவரை மட்டும் உடனே விடுகிறார்களே என்று கோபம்கூட வந்தது.

மத்தியானம் அப்பா வலைக்குப் பின்னால் வந்து நின்றார். அன்று அதிசயமாகக் கூட்டம் குறைவு, கத்தத் தேவையில்லாமல் எல்லாம் தெளிவாகக் கேட்டது. கேட்டிருக்கவேண்டாம்.

"அடையாளம் காட்டச் சொன்னாங்கமே. எட்டுப் பேர நிக்க வெச்சாங்க. ஜட்ஜி ஐயா நல்லவரு. சட்டைய மாத்திக்கிறியா, எங்க வேணும்னாலும் நின்னுக்கலாம், கையில இருக்கிற கவுத்தக் கழட்டிக்கிறியான்னு பதமாத்தான் கேட்டாரு. நான்தான் வேணாங்கன்னு சொல்லிட்டேன்."

"ஏன்யா?"

"மயிலத்தான் கவுறாச்சே, நீ வெயில்ல ஏறிப் போயி வாங்கியாந்தது. எப்பிடிக் கழட்டறது? தப்பு பண்ணலியே, நமக்கு இன்னா பயம்னு நின்னுக்கினேன்." அப்பா நெற்றியை வலையில் முட்டுக்கொடுத்துக்கொண்டார். "அந்தம்மா ஒருத்தர் மூஞ்சியயும் பாக்கலமே. கையத்தான் பாத்துக்கினே வந்தாங்க. எங்கிட்ட வந்துதான் தலையத் தூக்குனாங்க. தூக்கி, தோளத் தொட்டுட்டாங்க."

அம்மா வலையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். "கையயா பாத்தா? நான் குடுத்த கவுத்தயா?"

"வுடுமே."

"எதுக்குய்யா கையப் பாக்கணும்?"

"யாருக்குத் தெரியும்? வுடு."

எனக்குத் தெரியும். ஒன்பது வயதுக்கு அவ்வளவு புத்தி உண்டு. பன்னின் இனிப்பு பல்லிடுக்கில் அப்போதும் இருந்தது. அம்மாவைப் பார்த்தேன், அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் அம்மா என் வாய் ஓரத்தில் ஒட்டியிருந்த பன் துணுக்கைப் பார்த்துவிட்டு, யார் கொடுத்தது என்றுகூடக் கேட்காமல், கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். யார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அடி விழுந்ததும் என் வாய் பூட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் வக்கீல் வீட்டுக்குப் போனோம். அம்மா என்னை முன்னால் தள்ளி, "அந்த நேரத்துல இவ கால்ல முள்ளு எடுத்துக்கினு இருந்தாருங்க, காட்டுடி" என்றாள். நான் காலைத் தூக்கி வடுவைக் காட்டினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், ஊக்கை நெருப்பில் காட்டியது வரைக்கும். அன்று எட்டிப் பார்த்த தெருவில் ஒருத்தரும் சாட்சிக்கு வரச் சம்மதிக்கவில்லை.

"பொண்டாட்டியும் புள்ளையும் சொல்றது கோர்ட்டுல நிக்காதும்மா" என்றார் வக்கீல். அப்புறம் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "ஒண்ணு நல்லா யோசிச்சு சொல்லு. அடையாளம் காட்டறதுக்கு முன்னால அந்தம்மா உங்க ஆளைப் பாத்திருக்கா? இல்ல, ஆள் இப்படி இருப்பான்னு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? அப்படி மட்டும் இருந்துச்சுன்னா அந்த அடையாளமே செல்லாதுன்னு சொல்லிடலாம். நமக்கு அது ஒண்ணுதான் வழி."

"தெரியலீங்களே ஐயா. யாரு சொல்லுவாங்க?" என்றாள் அம்மா.

நான் அந்த அறையில்தான் இருந்தேன். அம்மாவின் வலது கை என் தோள்மேல்தான் இருந்தது. இன்னொருத்தி கையால் வாங்கித் தின்றதும், பேசக் கூடாது என்று சொல்லியும் பேசியதும் தெரிந்தால் அந்தக் கை என்ன செய்யும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வக்கீல் சொன்ன வழி எவ்வளவு பெரியது என்று தெரியவில்லை. ஒரு பன்னுக்கு வாங்கப்போகிற அடிக்குப் பயந்து நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாய்தா. நாங்கள் கோர்ட்டு வாசலில் காத்திருந்தால், சில தடவை அப்பாவைக் கொண்டுவருவார்கள், சில தடவை காவலுக்கு ஆள் இல்லை என்று கொண்டுவரமாட்டார்கள். கடைசியில் அந்த அம்மாள் கூண்டில் ஏறி, இவர்தான் என்று சொன்னார். கழுத்தில் புதுச் செயின் வந்திருந்தது. தயங்காமல் சொன்னார். தான் பொய் சொல்வதாக அவரே நினைக்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அந்தி நேரத்தில் ஒரு நொடி பார்த்த முகம் அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது. தப்பான ஆளைக் காட்டிவிடக் கூடாது, பிடித்து வைத்திருக்கிற ஆளைச் சரியாகக் காட்டிவிட்டால் பாவம் இல்லை என்று நினைத்திருக்கிறார். பிடித்தவர்களே தப்பாகப் பிடித்திருக்கலாம் என்று அந்த நல்ல மனதுக்குத் தோன்றவில்லை. நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். மன்னிக்கவில்லை.

அப்பாவுக்கு இரண்டு வருஷம் போட்டார்கள். பெரிய ஜெயிலுக்கு மாற்றினார்கள், அது தூரம், மாதம் ஒரு தடவை போவதே பெரும்பாடு. திரும்பி வந்தபோது மணிக்கட்டில் கயிறு இல்லை. அறுந்ததா, அறுத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. மண்டியில் திரும்பச் சேர்க்கவில்லை, கூலிக்குக் கேப்பை அறுக்கப் போனார். வாசல்படியில் தலை இடிப்பது நின்றுபோயிருந்தது. உள்ளே குனிந்து பழகியவர், வெளியிலும் குனிந்தே நடந்தார். இடுப்புக்கு அம்மா புதுக் கயிறு கொண்டுவந்தபோது, "வேணாம், வை" என்று ஒரே சொல்லில் முடித்தார். அதற்கப்புறம் கட்டவே இல்லை. அம்மா அதன் பின் மயிலம் மலை ஏறவில்லை. கண்ணெதிரே தெரிகிற கோயில், பஸ்ஸில் போகும்போதுகூட அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். "நான் கட்டின கவுறுதான் அவர உள்ள வெச்சிது" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். ஆயிரம் தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன். இல்லம்மா, கயிற்றைக் காட்டிக் கொடுத்தது நான் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அவள் பாரத்தில் பாதி இறங்கியிருக்கும். என்னைத் திட்டவாவது அவளுக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கும். அதையும் நான் கொடுக்கவில்லை. பெரியவளாகி, கல்யாணமாகி, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகும் சொல்லவில்லை. அப்போது எந்த அடிக்குப் பயந்தேன் என்று தெரியவில்லை.

அப்பா இறந்த அன்று குளிப்பாட்ட உட்காரவைத்தார்கள். பங்காளி ஒருத்தர் கத்தியை எடுத்துக்கொண்டு இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாது, அர்ணாக்கவுறே காணோம்?"

அம்மா எழுந்து உள்ளே போய், அடுக்குப் பானைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். காகிதம் பொடிப் பொடியாக உதிர்ந்தது. வார்டர் கொடுத்த அதே கறுப்புக் கயிறு, இரண்டு பிசிர் முனையோடு. அம்மா அதை அப்பாவின் இடுப்பைச் சுற்றிப் போட்டு அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள். ஆள் இளைத்துப் போயிருந்ததால் முடிச்சுக்குப் போனது போகச் சுற்று சரியாக இருந்தது.

"இப்ப அறு" என்றாள்.

அறுத்தார். அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லுடி. நல்லதுக்குத்தான அந்தக் கவுத்தக் கட்டி அனுப்பினேன்?"

"ஆமாம்மா, நல்லதுக்குத்தான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அம்மாவும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அந்தத் தூக்கும் எங்கே போனதென்று தெரியவில்லை. இதை இனி யாரிடம் சொல்லியும் யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை, ஒருத்தியைத் தவிர. அவளும் இதைப் படிப்பாள் என்று தெரியும். உன் மகனுக்குச் சோப்பு எடுத்துப் போ, துண்டு எடுத்துப் போ, கயிறு எடுத்துப் போகாதே. பேத்தியைக் கூட்டிப்போனால் வெளியே தனியாக உட்காரவைக்காதே. அப்படியே உட்காரவைக்க நேர்ந்து, திரும்பி வரும்போது அவள் எதையாவது தின்றுகொண்டிருந்தால், அவளை அடிக்காதே. யார் கொடுத்தார்கள், என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேள்.